வாசல் அடைபட்ட நகரம்

1631 மே 20 காலை ஏழு மணியளவில், எல்பே ஆற்றங்கரையில் இருந்த மக்டபுர்க் நகரின் மதிலில் ஏணி சார்த்தி முதல் சிப்பாய்கள் ஏறினார்கள். அன்றிரவுக்குள் நகரம் முடிந்துபோனது. சுமார் 1,900 கட்டடங்களில் 1,700 எரிந்துவிட்டன. 25,000 பேர் வாழ்ந்த ஊரில் ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு தலைக்கணக்கு எடுத்தபோது அங்கே வசித்தவர்கள் 449 பேர்.

முப்பதாண்டுப் போரைப் பற்றிய எந்த நூலிலும் இந்த நாள் இருக்கும். படைவீரர்களின் வெறியும் மதப் பகையும் விரிவாகவே சொல்லப்பட்டிருக்கும். அவை உண்மைதான். ஆனால் வெறி என்பது காரணங்களில் ஒன்றுதான்; ஒரே பகலில் ஒரு நகரத்தின் முக்கால்வாசிப் பேர் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது. கொள்ளையடிக்க வந்தவனுக்கு உயிரோடு இருக்கும் ஆள்தான் லாபம். பணம் எங்கே புதைத்திருக்கிறது என்று பிணம் சொல்லாது. பிணத்தை வைத்து யாரும் மீட்புப் பணம் கேட்க முடியாது. அப்படியிருக்க இத்தனை சாவு எங்கிருந்து வந்தது? விடையின் பெரும்பகுதி வாளில் இல்லை. மரம், காற்று, புகை ஆகிய மூன்றும் மூடிய இடங்களில் என்ன செய்யும் என்பதில் இருக்கிறது.

முதலில் நகரம் ஏன் கிளர்ந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மக்டபுர்க் 1524இலேயே லூத்தரின் பக்கம் சாய்ந்துவிட்ட ஊர். 1550-51இல் பேரரசரின் ஆணையை ஏற்க மறுத்து ஓராண்டுக்கு மேல் முற்றுகையைத் தாங்கிய பெருமையும் அதற்கு உண்டு. 1629இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், புராட்டஸ்டண்டுகள் கையகப்படுத்திய திருச்சபைச் சொத்துகளைக் கத்தோலிக்கரிடம் திருப்பித் தர வேண்டும் என்று ஆணையிட்டார். பேராயத்தின் தலைநகரான மக்டபுர்க்கிற்கு அது நேரடி அடி. 1630 கோடையில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் படையோடு ஜெர்மன் கரையில் இறங்கியதும் நகரம் அவரோடு கூட்டுச் சேர்ந்தது. மன்னர் தம் அதிகாரி ஃபால்கன்பெர்க்கை மாறுவேடத்தில் நகருக்குள் அனுப்பி, பாதுகாப்புப் பொறுப்பை ஒப்படைத்தார். தாமே வந்து மீட்பதாக வாக்கும் கொடுத்தார். ஆனால் பிராண்டன்பர்க், சாக்சனி ஆட்சியாளர்களோடு பேரம் பேசுவதிலேயே அவருக்கு வசந்தகாலம் கழிந்துவிட்டது.

வெளியே பேரரசர் தரப்பின் முதிய தளபதி டிலி, சுமார் 25,000 பேர் கொண்ட படையோடு முற்றுகையிட்டிருந்தார். அவருக்கு அடுத்த நிலையில் பாப்பன்ஹைம் இருந்தார். சிப்பாய்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை. சோறு, உடை, கடன் எல்லாவற்றுக்கும் அவர்கள் நம்பியிருந்தது கொள்ளையைத்தான்.

அன்றைய ஐரோப்பாவில் முற்றுகைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மதில் உடையும் முன் நகரம் சரணடைந்தால் நிபந்தனை பேசலாம். உயிரும் உடைமையும் பெரும்பாலும் தப்பும். சரணடைய மறுத்து, படை தன் ரத்தத்தைக் கொடுத்து மதிலேறி நுழைய நேர்ந்தால், நகரம் சிப்பாய்களுக்குச் சொந்தம். மதிலேறுபவர்களில் பலர் செத்துப்போவார்கள் என்பதால், அந்த ஆபத்துக்கு ஈடாகவே கொள்ளை உரிமை வைக்கப்பட்டது. அது ஓர் அச்சுறுத்தலும்கூட: இப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அடுத்த ஊர் சீக்கிரம் கதவைத் திறக்கும். ஆயிரக்கணக்கான ஆயுதமேந்திய ஆட்களை ஒரே நேரத்தில் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிடும் இந்த ஏற்பாடு, நகருக்குள் என்ன கிடக்கிறது, எது தீப்பிடிக்கும் என்பதை ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

அன்று காலை நகரமன்றம் கூடியிருந்தது. முந்தைய நாள் பீரங்கிச் சத்தம் ஓய்ந்திருந்ததால் சுவீடன் படை நெருங்கிவிட்டது என்று மதிலில் இருந்தவர்கள் ஆறுதல் அடைந்திருந்தார்கள். வெடிமருந்தும் குறைந்துகொண்டிருந்தது. மன்றத்தில் ஃபால்கன்பெர்க் எழுந்து, இன்னும் கொஞ்சம் பொறுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் பொன்னுக்குச் சமம் என்ற தொனியில் பேசிக்கொண்டிருந்தார். மன்ற உறுப்பினர்களில் ஒருவரான 28 வயது இளைஞர், கட்டுமானப் பொறுப்பில் இருந்தவர், வெளியே சென்று பார்த்தார். மீனவர் குடியிருப்புப் பக்கமாகக் குரோவாசியக் குதிரைவீரர்கள் ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டிருந்தார்கள். அவர் பெயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே. லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கோட்டைக் கட்டுமானமும் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். பிற்காலத்தில் காற்றில்லா வெளியை உண்டாக்கிக் காட்டி உலகப்புகழ் பெற்ற அதே கெரிக்கேதான். அன்றைய நாளைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான சாட்சியம் அவர் எழுதியது.

ஃபால்கன்பெர்க் தெருவில் சண்டையிட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரின் வாயில்களில் ஒன்று உள்ளிருந்தே திறக்கப்பட்டதும், ஹங்கேரியர், குரோவாசியர், போலந்துக்காரர், வலூன்கள், இத்தாலியர், ஸ்பானியர், ஜெர்மானியர் என்று மொத்தப் படையும் உள்ளே பாய்ந்தது.

கொள்ளை எப்படி நடந்தது என்று கெரிக்கே சொல்லும் விதம் கவனிக்கத்தக்கது. ஒரு கும்பல் வீட்டுக்குள் நுழையும். வீட்டுக்காரரிடம் கொடுக்க ஏதாவது இருந்தால் கொடுத்து உயிரைக் காத்துக்கொள்ளலாம், அடுத்த கும்பல் வரும்வரை. அவர்களுக்கும் ஏதாவது வேண்டும். அதன் பிறகு இன்னொரு கும்பல். எல்லாம் கொடுத்து முடிந்து, வீட்டில் எதுவுமே மிஞ்சாத கட்டத்தில்தான் அடியும் சித்திரவதையும் கொலையும் தொடங்கின. பதுக்கி வைத்திருக்கிறாய், சொல் என்று கடைசியில் வருபவன் வதைப்பான். சொல்ல ஒன்றும் இருக்காது. இதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் என்ன செய்வார்கள்? கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வார்கள். மக்டபுர்க்கின் வீடுகளில் ஒளிய இரண்டே இடங்கள்: கீழே நிலவறை, மேலே பரண்.

அந்த வீடுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த மண் பூசிய சுவர்கள். செங்குத்தான மரக்கூரை. அதற்குக் கீழே பரணில் தானியமும் விறகும். தெருக்கள் குறுகியவை. மதிலுக்குள் இடம் போதாததால் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் உயர்ந்தும் வளர்ந்தன.

மரம் தானாக எரிவதில்லை. வெப்பம் ஏறி சுமார் 250 முதல் 300 பாகை செல்சியசை எட்டும்போது அது சிதைந்து ஆவிகளை வெளியிடுகிறது. எரிவது அந்த ஆவிதான். இந்த வெப்பம் மரத்தைத் தீண்டாமலேயே வந்துசேர முடியும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1 கிலோவாட். அதைப் போல 12, 13 மடங்கு கதிர்வெப்பம் காய்ந்த மரத்தின் மேல் சில நிமிடங்கள் தொடர்ந்து விழுந்து, பக்கத்தில் ஒரு தீப்பொறியும் பறந்தால் போதும், மரம் பற்றிக்கொள்ளும். முழுதாக எரியும் ஒரு வீட்டின் முகப்பிலிருந்து, அதற்கு மிக அருகில், சதுர மீட்டருக்கு 100 கிலோவாட் அளவுக்குக் கூடக் கதிர்வெப்பம் வீசலாம். தெரு அகலமாக இருந்தால் எதிர்ச் சுவரை அடையும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். நான்கைந்து மீட்டர் அகலமுள்ள சந்தில் அந்த வாய்ப்பில்லை. எதிர்வீடு புகையும், ஜன்னல் சட்டம் கருகும், பிறகு அதுவும் எரியும். இதற்கிடையில் எரியும் கூரைச்சட்டங்களின் துண்டுகள் சூடான காற்றில் மேலே போய், இரண்டு தெரு தள்ளி ஏதோ ஒரு பரணில் இறங்கும்.

இது எல்லா மரநகரங்களுக்கும் பொதுவான ஆபத்து. அவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் குடிமக்கள் தோல் வாளி வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது; கோபுரத்தில் காவலன் இருப்பான், மணி அடிப்பான், கொக்கிகளால் கூரையை இழுத்துத் தள்ளித் தீயின் பாதையை வெட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு மரநகரத்தின் உண்மையான தீயணைப்புக் கருவி அதன் மக்களின் கைகள்தாம். மே 20 காலை அந்தக் கைகள் ஒன்று மதிலில் துப்பாக்கி பிடித்திருந்தன, அல்லது நிலவறையில் நடுங்கிக்கொண்டிருந்தன. வாளி தூக்கித் தெருவுக்கு வருபவனைச் சுட்டுவிடுவார்கள். தீயை அணைக்குமாறு டிலி தம் சிப்பாய்களுக்கு ஆணையிட்டதாகச் சொல்லப்படுகிறது. கையில் வெள்ளியும் பட்டும் வைத்திருப்பவன் வாளியைத் தொடவில்லை.

தீ வைத்தது யார் என்பது பற்றி ஐரோப்பியர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகள் சண்டையிட்டார்கள். எதிர்த்து நின்றவர்களைப் புகையால் விரட்டுவதற்காகப் பாப்பன்ஹைம் ஓரிரு வீடுகளைக் கொளுத்தச் சொன்னார் என்பது ஒரு தரப்பு. நகரம் எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்று ஃபால்கன்பெர்க்கின் ஆட்களே வைத்தார்கள் என்பது இன்னொரு தரப்பு. 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் வரலாற்றாசிரியர்கள் இதற்காகத் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்தார்கள். பாப்பன்ஹைம் தரப்பைச் சுட்டும் சாட்சியம் வலுவானது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் முதல் பொறியை யார் வைத்தார் என்பதற்குத் தேவைக்கு மேல் எடை கொடுக்கப்பட்டுவிட்டது. அணைக்க ஆளில்லாத ஒரு மரநகரத்தில், நூற்றுக்கணக்கான அடுப்புகளும் பந்தங்களும் துப்பாக்கித் திரிகளும் ஒரே நேரத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அதில் ஏதோ ஒன்று வேலையை முடித்திருக்கும்.

தீ பரவியதற்கு இது போதுமான விளக்கம். சாவுக்குப் போதாது. இதைச் சோதித்துப் பார்க்க வரலாறு நமக்கு ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. 35 ஆண்டுகள் கழித்து, 1666 செப்டம்பரில், லண்டன் நான்கு நாள் எரிந்தது. அதுவும் மரவீடுகளின் நகரம்தான், குறுகிய சந்துகள்தான். 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. மக்டபுர்க்கில் எரிந்ததைப் போல ஏழெட்டு மடங்கு. லண்டனில் பதிவான சாவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதிவில் வராத ஏழைகள் பலர் இருந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 20,000 என்ற எண்ணிக்கைக்கு அருகில்கூட அது வராது. லண்டன்வாசிகள் மூட்டைமுடிச்சோடு தேம்ஸ் ஆற்றுப் படகுகளுக்கும் மதிலுக்கு வெளியே வயல்களுக்கும் போனார்கள். தீயின் வேகம் மனிதனின் நடையைவிட மெதுவானது. வெளியேற வழி இருந்தால் பெரும்பாலோர் தப்பிவிடுவார்கள். மக்டபுர்க்கில் தெருவில் சிப்பாய் நின்றான். மக்கள் தீயிலிருந்து ஓடவில்லை. சிப்பாயிடமிருந்து ஒளிந்து தீக்குள் இருந்தார்கள்.

நிலவறையில் என்ன நடந்தது? தீ மேலே இருக்கிறது, நாம் மண்ணுக்கடியில் கல்சுவருக்குள் இருக்கிறோம் என்ற நம்பிக்கை இயல்பானது. வாளிடமிருந்து அது நல்ல மறைவிடம். ஆனால் காற்று போதாமல் எரியும் மரம், கரியமில வாயுவோடு பெருமளவு கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். மூச்சு வந்துபோய்க்கொண்டே இருக்கும். உடலுக்கு ஆக்சிஜன் மட்டும் போய்ச்சேராது. காற்றில் 1 விழுக்காடு கலந்திருந்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். முதலில் தலைவலி, பிறகு களைப்பு, கால்கள் துவண்டுபோகும். வெளியேற வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் எழுந்து நிற்க முடியாது. அதற்குப் பின் மேல்வீடு சரிந்து விழும். கனன்றுகொண்டிருக்கும் இடிபாடுகள் நிலவறையின் வாயை மூடியபின், உள்ளே இருக்கும் கல்லும் மண்ணும் செங்கல் சூளை போல நாட்கணக்கில் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். பரணில் ஒளிந்தவர்களுக்கோ அந்த அவகாசமும் கிடைத்திருக்காது. சூடான புகை முதலில் சேரும் இடம் கூரைக்கடியில்தான். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலரும் அன்று செத்தவர்களில் பெரும்பாலோர் தீயிலும் புகையிலுமே செத்தார்கள் என்று கருதுவது இதனால்தான்.

அதே தீயை மறுபக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் நாட்குறிப்பு நம்மிடம் இருக்கிறது. 1988இல் பெர்லின் அரசு நூலகத்தில் யான் பீட்டர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அதைக் கண்டெடுத்தார். முகப்புப் பக்கங்கள் காணாமல் போயிருந்ததால் எழுதியவர் பெயர்கூட அதில் இல்லை. உள்ளிருக்கும் குறிப்புகளைக் கொண்டு எழுதியவர் பீட்டர் ஹாகன்டோர்ஃப் என்ற சாதாரணச் சிப்பாய் என்று முடிவுசெய்தார்கள். பாப்பன்ஹைமின் படைப்பிரிவில் இருந்த அவர் மதிலைத் தாண்டி நகருக்குள் போனதும் இரண்டு குண்டுகள் பாய்ந்தன, வயிற்றில் ஒன்று, தோள்களில் ஒன்று. மருத்துவர் கைகளைப் பின்னால் கட்டிவைத்து உளியை வைத்துச் சிகிச்சை செய்தார். அரை உயிராகக் குடிசைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

கட்டுப்போடத் துணியும் படுக்க மெத்தையும் வேண்டும். அவர் மனைவி, நோயுற்ற குழந்தையைக் கணவன் பக்கத்தில் கிடத்திவிட்டு, எரியும் நகருக்குள் போனார். சற்று நேரத்தில் முகாமில் கூச்சல்: வீடுகள் இடிந்து விழுகின்றன, கொள்ளையடிக்கப் போன சிப்பாய்களும் பெண்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். தன் காயத்தைவிட மனைவியை நினைத்தே அதிகம் கலங்கியதாக அவர் எழுதுகிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து மனைவி வந்தார். மெத்தை, பெரிய குவளை நிறையத் திராட்சை மது, இரண்டு வெள்ளி இடைவார்கள், துணிகள். அவற்றைத் தூக்கி வர உதவி, வழிகாட்டி வெளியே கூட்டிவந்தவர் அந்த நகரத்துக் கிழவி ஒருவர், படகோட்டி ஒருவரின் மனைவி. பிறகு ஹால்பர்ஷ்டாட்டில் அந்தப் பொருள்களுக்கு 12 தாலர் கிடைத்தது. இவ்வளவு அழகான நகரம் எரிந்துபோனதே என்ற வருத்தத்தையும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கிழவி உயிர் பிழைத்தது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். தெருக்களை அறிந்தவர், கொள்ளைக்காரியின் மூட்டையைச் சுமந்ததால் சிப்பாய்களைக் கடந்து போகும் அனுமதிச் சீட்டு அவருக்குக் கிடைத்துவிட்டது. உயிர் தப்பிய சுமார் 5,000 பேரில் பெரும்பகுதியினர் இப்படி ஏதோ ஒரு வகையில் முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். அந்தத் தப்பித்தல் அவர்களில் பலருக்கு எவ்வளவு கொடுமையான விலையோடு வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கெரிக்கேயும் கைதியாகத்தான் வெளியே போனார். அன்ஹால்ட்-கோத்தன் இளவரசர் லுட்விக் பணம் கட்டி அவரை மீட்டார்.

ஊருக்குள்ளேயே தப்பிய பெரிய கூட்டம் பேராலயத்தில் இருந்தது. 1209இல் தொடங்கிய கோதிக் கட்டடம் அது. தடித்த கல்சுவர், கல்லாலான வளைகூரை, முன்னால் அகன்ற திடல். கதிர்வெப்பம் எட்டாத தூரத்தில் பக்கத்து வீடுகள். மிக உயரத்தில் கூரை இருந்ததால் உள்ளே நுழைந்த புகை மேலே தங்கியது. தரையில் இருந்தவர்கள் மூச்சுவிட முடிந்தது. சுமார் ஆயிரம் பேர் சோறு தண்ணீர் இல்லாமல் அங்கே அடைந்து கிடந்தார்கள். கத்தோலிக்கரிடம் திரும்பச் சேர வேண்டிய ஆலயம் என்பதால் படைக்கும் அதைக் காப்பதில் அக்கறை இருந்தது. இரண்டு நாள் கழித்து டிலி உள்ளே வந்து, அவர்களுக்கு மன்னிப்பும் ரொட்டியும் கொடுக்கச் சொன்னார். பேராலயமும் அருகிலிருந்த லீப்ஃபிராவன் மடமும் ஆற்றோரத்து மீனவர் குடில்கள் சிலவும்தான் மிஞ்சின. பிணங்களைப் புதைக்க ஆளில்லாமல் வண்டிவண்டியாக எல்பேயில் தள்ளினார்கள்.

டிலிக்கு வேண்டியிருந்தது தானியக்கிடங்குகளும் பாலமும் கொண்ட ஒரு தளம். கிடைத்தது சாம்பல். அந்த ஆண்டிலேயே 200க்கும் மேற்பட்ட துண்டுப் பிரசுரங்கள் செய்தியை ஐரோப்பா முழுவதும் கொண்டுபோயின. தயங்கிக்கொண்டிருந்த புராட்டஸ்டண்ட் ஆட்சியாளர்கள் சுவீடனோடு சேர்ந்தார்கள். செப்டம்பரில் பிரைட்டன்ஃபெல்டில் டிலி பெருந்தோல்வி கண்டார். மறு ஆண்டு ஏப்ரலில் காயம்பட்டு இறந்தார். பாப்பன்ஹைமும் குஸ்தாவ் அடால்ஃபும் அதே ஆண்டு லுட்சன் போரில் மாண்டார்கள்.

கெரிக்கே திரும்பி வந்தார். இடிபாடுகளை அளந்து நகரத்துக்குப் புதிய வரைபடம் போட்டார், பாலங்களைச் சீரமைத்தார், 1646இல் நகரத்தலைவர்களில் ஒருவரானார். அந்த வேலைகளுக்கிடையில்தான் காற்றை உறிஞ்சும் எக்கியை அமைத்தார். உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு ஒட்டவைத்த இரண்டு செம்பு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டியும் பிரிக்க முடியாமல் போன சோதனையை எல்லோரும் அறிவார்கள். 1672இல் வெளிவந்த அவருடைய நூலில் இன்னொரு சோதனையும் உண்டு: மூடிய கண்ணாடிக் கலத்தில் எரியும் மெழுகுவத்தி கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது, தீ காற்றைத் தின்கிறது. மேற்கொண்டு அவரால் போக முடியவில்லை. ஆக்சிஜன் அறியப்பட இன்னும் நூறாண்டு ஆனது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்று கிளாட் பெர்னார்ட் காட்டியது 1850களில்.

1945 ஜனவரி 16 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் மக்டபுர்க்கின் மேல் வெடிகுண்டுகளையும் தீக்குண்டுகளையும் கொட்டின. பழைய நகரத்தின் பெரும்பகுதி மீண்டும் அழிந்தது. பேராலயம் சேதத்தோடு தப்பியது. அதற்குள் ஜெர்மன் நகரங்கள், நிலவறைகளில் மக்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதைக் கற்றிருந்தன. அடுத்தடுத்த வீடுகளின் நிலவறைகளுக்கு இடையே உள்ள சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, எளிதில் உடைக்கும்படி மெல்லிய செங்கல்லால் அடைத்து வைத்திருந்தார்கள். தெருவாசல் எரிந்தால் அதைச் சுத்தியலால் தட்டி உடைத்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, தீ எட்டாத மூலைவரை போய்விடலாம்.